தினேஸ் வளர்ந்த வீடு

வாசலுக்கு வரும்போதே உள்ளே மகனின் குரல் கேட்டது. தோளில் கிடந்த வலையை இறக்காமல் சிவபாதம் அப்படியே நின்றுவிட்டார்.

"அம்மா, எனக்கு இந்தச் சேட்டு இறுக்கமாப் போச்சு."

மகன் தினேஸ் கடலோடு போய் ஐந்தாவது வருடம் நடக்கிறது. பேசுவது மகள் தக்சிகாதான் என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு பின்னேரமும் தான் எழுதியதைத் தாய்க்கு வாசித்துக் காட்டுவாள். தம்பி பேசுகிற இடம் வந்தால் தம்பியாகவே பேசுவாள். அதற்கு வீடு பழகிவிட்டிருந்தது. அன்று அவரைத் தடுத்து நிறுத்தியது வேறொன்று. அந்தக் குரல் உடைந்திருந்தது. மீசை அரும்பப் போகிற பையனுக்குத் தொண்டை கரகரக்குமே, அப்படி.

சுனாமி வந்த காலை, வாகரைக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்க்கப் போனவன் தினேஸ். அப்போது அவனுக்கு ஏழு வயது. சிவபாதம் ஊருக்குப் பின்னாலிருக்கும் களப்பின் உப்புத் தண்ணீரில் தோணியோடு இருந்தார். தாய் அன்னப்பூரணியும் மகளும் கோயிலடி மேட்டில் நின்றார்கள். மூவரும் தப்பினார்கள். பிள்ளையின் உடம்பு கிடைக்கவே இல்லை. உடம்பு கிடைக்காததால் அன்னப்பூரணி அழவில்லை. கருமம் செய்யவும் விடவில்லை. அதன்பின் பேசுவதையும் விட்டுவிட்டாள்.

பிறகு சண்டை வந்தது. ஷெல்லுக்குத் தப்பிக் காடு வழியாக நடந்து, மட்டக்களப்புப் பக்கம் அகதி முகாமொன்றில் கூடாரத்துக்குள் கிடந்தார்கள். முகாமில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்திய ரீச்சர், விருப்பமானதை எழுதி வரச் சொன்னார். தக்சிகா தம்பியை எழுதினாள். அலை அவனைக் களப்புக்குள் தள்ளிவிட்டதாகவும், அக்கரையில் யாரோ தூக்கியெடுத்துச் சோறு கொடுத்ததாகவும் எழுதிக் கூடாரத்துக்குள் உட்கார்ந்து சத்தமாக வாசித்தாள். மூலையில் சுருண்டு கிடந்த அன்னப்பூரணி தலையைத் திருப்பினாள்.

"பிறகு?" என்றாள்.

இரண்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதற் சொல் அதுதான். சிவபாதம் வெளியே போய், யாரும் பார்க்காத இடத்தில் நின்று அழுதார். அந்தச் சொல்லுக்காக மகள் எதை வேண்டுமானாலும் எழுதட்டும் என்று இருந்தது அவருக்கு.

ஊர் திரும்பிப் புது வீட்டில் குடியேறிய பிறகும் எழுத்து நிற்கவில்லை. தாளில் தினேஸுக்குப் பல் விழுந்து முளைத்தது. நீந்தப் பழகினான். அன்னப்பூரணி சமைத்தாள், சிரித்தாள், கையால் சேட்டுத் தைத்தாள். பழைய சேட்டை மடித்து வைத்துவிட்டு, அதைவிட ஒரு விரல் நீளமாகப் புதியதைத் தைப்பாள். ஊரில் இளம் பெடியள் ஒவ்வொருவராகக் காணாமற்போன நாட்களில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

"அவனை றோட்டுப் பக்கம் விடாத மனே. புடிச்சிட்டுப் போயிடுவாங்க. உள்ளுக்குக் காட்டுல எங்கயாவது வச்சிரு."

தக்சிகா அவனைக் காட்டுக்குள் ஒரு தேன் எடுக்கிறவரின் குடிலில் ஒளித்து வைத்தாள். அன்னப்பூரணி நிம்மதியாகத் தூங்கினாள். இல்லாத பிள்ளைக்கு இப்படிப் பயப்படுகிறாளே என்று சிவபாதம் நினைத்தார். ஆனால் காற்று அடிக்கிற இரவுகளில் காட்டுப் பக்கம் ஏதாவது சத்தம் கேட்டால் அவரும்தான் எழுந்து உட்கார்ந்தார்.

வைகாசியில் சண்டை முடிந்ததாக ரேடியோ சொன்னது. சந்தியில் ஆமிக்காரர் வெடி கொளுத்தினார்கள். ஊரில் ஒருவரும் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அன்னப்பூரணி மட்டும் முற்றத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்தாள்.

"இனி ஆரும் புடிக்க மாட்டாங்க" என்றாள் மகளிடம். "வரச் சொல்லு."

தக்சிகா நாட்களைக் கடத்தினாள். பாதையில் யானை நிற்பதாக எழுதினாள், அவனுக்குக் காய்ச்சல் என்று எழுதினாள். தாய் விடவில்லை. தினமும் மூன்று பேருக்கு அல்ல, நான்கு பேருக்குச் சோறு வைத்தாள். மகள் மெலிந்துகொண்டே போனாள்.

ஒரு காலை சிவபாதம் அவளைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போனார். கண்டல் மரங்களுக்கு நடுவே தண்ணீர் அசையாமல் கிடந்தது. தாங்குகோலைச் சேற்றில் ஊன்றித் தோணியை நிறுத்தினார்.

"அம்மாட்ட உள்ளதைச் சொல்லிடுவம் மனே. நான் சொல்றன். நீ எழுதுறதை நிப்பாட்டு."

"நிப்பாட்டிட்டன் அப்பா. ஒரு கிழமையா எழுதல்ல."

"அப்ப அம்மாக்கு வாசிக்கிறது என்ன?"

அவள் தண்ணீரைப் பார்த்தபடி இருந்தாள். "நான் எழுதாட்டியும் அவன் வாறான். நேத்துப் பாலத்தடிக்கு வந்துட்டான்."

சிவபாதம் தாங்குகோலைப் பிடுங்கினார். அது வழக்கத்தைவிடக் கனமாக, யாரோ கீழிருந்து பிடித்திருப்பதுபோல மெதுவாக வந்தது. சேறுதான் என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார்.

அன்று விளக்கு வைக்கிற நேரம் காற்று விழுந்துவிட்டது. அன்னப்பூரணி குளித்து, ஈரத்தலையோடு வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். மடியில் கடைசியாகத் தைத்த சேட்டு. தக்சிகா தாளைக் கையில் எடுத்தாள். சிவபாதம் கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

"தினேஸ் எங்கட வீட்டு ஒழுங்கைக்குள்ள திரும்புறான்" என்று தொடங்கினாள். "வேலியடிக்கு வந்துட்டான்."

பக்கத்து வளவில் குரைத்துக்கொண்டிருந்த நாய் சட்டென்று நிறுத்தியது.

"எவ்வளவு வளந்திரிக்கான் மனே?" என்றாள் அன்னப்பூரணி. "எண்ட தோள் மட்டுக்கு வருவானா?"

தக்சிகாவின் கண் தாளில் இல்லை. வேலிப் பக்கம் போயிருந்தது.

"சொல்லு மனே."

"வளரல்ல அம்மா."

"என்ன?"

"அவன் வளரல்ல. அலை வந்த அண்டைக்குப் போட்டுட்டுப் போன அதே சிவப்புச் சேட்டு. தலையெல்லாம் மணல். சின்னப் புள்ளையாத்தான் நிக்கான்." இப்போது அவள் குரலில் உடைவு இல்லை, அவளுடைய சொந்தக் குரல்தான். "உள்ளுக்கு வா எண்டு கூப்பிட்டன். வராம உங்களைப் பாத்திட்டு நிக்கான்."

அன்னப்பூரணி எழுந்தாள். முற்றத்தில் இறங்கி வேலிவரை நடந்தாள். சிவபாதம் கதவு நிலையிலிருந்தே எட்டிப் பார்த்தார். அவருக்கு அங்கே இருட்டும் தென்னங்கிடுகு வேலியும் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவள் குனிந்தாள். தன் இடுப்பளவு உயரத்தில், காற்றில் கையை வைத்தாள். தலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிடுகிறவள்போல அந்தக் கை மெல்ல அசைந்தது.

"எண்ட கிளி" என்றாள். "தண்ணிக்குள்ள எவ்வளவு நேரம் கிடந்தாய் மனே?"

அதன்பின் அவள் அலறிய அலறலில் ஒழுங்கை முழுதும் விளக்கோடு ஓடி வந்தது. நிலத்தில் விழுந்து, மார்பில் அடித்து, பெயர் சொல்லி ஒப்பாரி வைத்தாள். ஐந்து வருடத்து அழுகை. பெண்கள் வந்து அவளைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த ஊரில் கேட்கத் தேவையிருக்கவில்லை.

அடுத்த வாரம் கடற்கரையில் கருமம் செய்தார்கள். சிவபாதம் மொட்டையடித்துத் தண்ணீரில் இறங்கினார். அன்னப்பூரணி தன் கையாலேயே பிண்டச் சோறு பிசைந்து கொடுத்தாள். அதன்பின் மூன்று பேருக்குத்தான் உலை வைத்தாள். அழுதாள், கோபித்தாள், சிலநாள் கணவனைத் திட்டினாள். வீட்டில் மனிதர் இருக்கிற சத்தம் வந்தது.

கரையிலிருந்து திரும்பும்போது சிவபாதம் மகளிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "வளரல்ல எண்டு சொன்னியே. நல்லாச் சொன்னாய் மனே. எப்பிடி யோசிச்சாய்?"

தக்சிகா நடப்பதை நிறுத்தவில்லை. "யோசிக்கல்ல. அம்மாட தோள் மட்டுக்கு வளந்து வாறமாதிரித்தான் மனசுக்குள்ள வச்சிருந்தன். தாள்ல ஒண்டும் இரிக்கல்ல. பாத்ததைத்தான் சொன்னன்."

அந்த மாத முடிவில் சீதேவிப்பிள்ளை வந்தாள். ஒழுங்கை முனை வீடு. அவள் மூத்த மகனை யாரோ வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது சண்டைக் காலத்தில்; உயிரோடு இருக்கிறானா என்று இன்னும் தகவல் இல்லை. வாசற்படியில் இருந்துகொண்டு சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"எண்ட மகனைப் பத்தியும் ரெண்டு வரி எழுது புள்ள. எங்க இரிக்கான், என்ன தின்றான் எண்டு. பொய்யெண்டாலும் பரவால்ல."

தக்சிகா அவள் அருகில் உட்கார்ந்து, சுருங்கிய அந்தக் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"எழுத ஏலா மாமி" என்றாள். "கூப்பிட்டா வந்திருவாங்க. எப்பிடி வருவாங்க எண்டு நமக்குத் தெரியாது."

சீதேவிப்பிள்ளை தன் கையை மெல்ல உருவிக்கொண்டாள். பிறகு, "அப்ப வேணாம் புள்ள" என்றாள். "நான் இன்னும் கொஞ்சம் வழி பாத்திட்டு இரிக்கன்."