ஸ்ரீரங்கத்துக் கரண்டில் ஹெவி மெட்டல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் கற்பனை இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னது. காவிரிப் பாலத்தில் பஸ் அரை மணி நேரம் நின்றுவிட்டது, இல்லாவிட்டால் பாதிக் கதைதான் கிடைத்திருக்கும். இறங்கும்போது, "நீங்க எழுதற ஆளு. இதுக்கு ஒரு வழி சொல்லுங்க சார். ஆனா வெளியில சொல்லிடாதீங்க" என்றார். வழி சொல்லத் தெரியவில்லை. வெளியில் சொல்லத்தான் தெரிந்தது.

தொடக்கமே தகராறு.

(ஒன்று: "ராஜகோபுரத்தின் மேல் மாலை வெயில் பொன்னாய்..." அடித்துவிட்டேன். ஸ்ரீரங்கத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லாருக்கும் கோபுரத்தில் ஏறியாக வேண்டும்.)

(இரண்டு: "பீமராவ் இசைத்தட்டின் மேல் ஊசியை வைத்ததும் நரகத்தின் கதவுகள்..." நரகமாவது கதவாவது! மேலச் சித்திரை வீதியில் மாடி வாடகை வீடு. அங்கே கதவே சரியாகச் சாத்தாது.)

2

சரி, ஆளைச் சொல்கிறேன். அந்தப் பக்கத்து சீட்டுக்காரர் பெயர் பீமராவ், வயது ஐம்பத்து நாலு. கிடாரும் டிரம்மும் இடியாய் இடிக்கிற பழைய ஹெவி மெட்டல் இசைத்தட்டுகளைக் கம்பெனிகள் இப்போது மறுபதிப்பாகத் திரும்ப அச்சடித்து, எடை கூட்டி, விலையையும் கூட்டி விற்கின்றன அல்லவா? அவற்றின் ஒலி அசலைப் போல இருக்கிறதா என்று அலசி இணையத்தில் எழுதுவதுதான் அவருடைய உயிர். "அசல்ல டிரம் சத்தம் மொட்டைமாடியில தேங்கா விழுந்த மாதிரி இருக்கும் சார். மறுபதிப்புல நனைஞ்ச சாக்கு விழுது" என்பார். எழுதுவது ஆங்கிலத்தில். தேங்காய் மட்டும் தேங்காயாகவே இருக்கும்.

காது லேசுப்பட்ட காது இல்லை. ஒரு கம்பெனி, அசல் ஒலிநாடாவிலிருந்து செய்த தட்டு என்று விளம்பரம் செய்தது. இரண்டாம் பக்கம் கம்ப்யூட்டர் நகலிலிருந்து வந்தது என்று பீமராவ் எழுதினார். இரண்டு மாதம் கழித்துக் கம்பெனி மன்னிப்புக் கேட்டது. அன்றிலிருந்து ஜெர்மனியிலும் பிரேசிலிலும் தட்டு வாங்குவதற்கு முன், "ஸ்ரீரங்கம் என்ன சொல்கிறது?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அவர் வீட்டில் ஒலிக்கும் தட்டுகளுக்கு ஒரு தனிக் கனம் உண்டு. கேசட்டிலும் போனிலும் அதே பாட்டு வேகமாக ஓடும். பீமராவிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. கேசட் பிளேயர்கள் தேய்ந்து வேகமாகச் சுற்றியவை. போன்காரனுக்கு அடுத்த விளம்பரம் போட அவசரம். அட்டையில் நாலு நிமிஷம் பத்து விநாடி என்று போட்ட பாட்டு வீட்டில் சரியாக ஐந்து நிமிஷம் ஓடும். அச்சுப்பிழை.

[குறுக்கே ஒரு குறிப்பு. தட்டுச் சுழற்றும் மெஷின் பதினோரு வருஷத்துக்கு முன் நியூ ஜெர்சியிலிருந்து மைத்துனர் கொண்டுவந்தது. அது அமெரிக்க நூற்றிப்பத்து வோல்டில் ஓடுவது. நம் இருநூற்றி முப்பதைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மரை பீமராவ் தன் கையாலேயே சுற்றினார். அதில் அவருக்கு ஏகப் பெருமை.]

3

போன வாரம் அமெரிக்காவிலிருந்து ஒரு மெயில் வந்தது. 'கிரேவ் டிராக்டர்' என்ற குழு (பெயர் நான் வைத்தது, அசல் பெயர் இதைவிட மோசம்) நாற்பது வருஷத்துக்கு முன் போட்ட தட்டின் மறுபதிப்பை பீமராவ் ஆகா ஓகோ என்று புகழ்ந்திருந்தார். அது விற்றுத் தீர்ந்து, இரண்டாம் முறை அச்சாகிறது. அட்டையின் முகப்பில் ஒட்டும் ஸ்டிக்கரில் அவர் வரியைப் போடலாமா என்று கேட்டிருந்தார்கள். 'இந்தக் கனம் வேறெந்தத் தட்டிலும் இல்லை. பீமராவ், ஸ்ரீரங்கம்.' வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.

முப்பது வருஷமாக அட்டைகளில் அடுத்தவன் பேரையே படித்துக்கொண்டிருந்த மனிதர். சந்தோஷத்தில் அன்று ராத்திரி அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

4

இங்கே எனக்கு ஒரு சிக்கல். அவருடைய தொழிலைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அதனால் முதலில் பாங்க் மேனேஜர் ஆக்கினேன். பாங்க் மேனேஜருக்குக் காது இருக்கும் என்று எவன் நம்புவான்? பிறகு காமர்ஸ் பேராசிரியர் ஆக்கினேன். கதை நகரவே இல்லை. போகட்டும், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: காந்தி மார்க்கெட் பக்கத்தில் இருபத்தெட்டு வருஷமாக மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார்.

மெயில் வந்த மறுநாள் காலையில் வையம்பட்டியிலிருந்து ரங்கசாமி என்ற விவசாயி ஒரு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மச்சான் அமெரிக்காவுலேர்ந்து கொண்டாந்தாப்ல. டிரான்ஸ்பார்மர் போட்டுத்தான் ஓட்டறோம். தண்ணி தூக்க மாட்டேங்குதுங்க."

பீமராவ் உற்சாகமாகிவிட்டார். இந்தப் பாடம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். "இது அறுபது சைக்கிளுக்குச் செஞ்ச மோட்டாருங்க. அங்க கரண்டு செகண்டுக்கு அறுபது தடவ துடிக்கும், நம்ம ஊர்ல அம்பது. டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைத்தான் மாத்தும், சைக்கிளை மாத்தாது. அதனால ஆறுல ஒரு பங்கு மெதுவாத்தான் சுத்தும். அங்கேர்ந்து வந்த மோட்டார் எதுவா இருந்தாலும் சரி..."

(இந்த வாக்கியத்தை நான் பாதியில் விடவில்லை. அவர்தான் விட்டார்.)

"எதுவா இருந்தாலும்?" என்றார் ரங்கசாமி.

பீமராவ் ஷட்டரை இறக்கினார். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து, மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் சின்னத் தகடு. நூற்றிப்பத்து வோல்ட். அறுபது சைக்கிள்.

5

மனைவி ஜோதி அடுத்த அறையில் இருந்தாள். வெளிநாட்டுக் குழந்தைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகப் பாட்டுச் சொல்லித்தருகிறவள்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். "போன்ல அஞ்சு கட்டையில கத்தறவன் நம்ம வீட்டுல மூணு கட்டையில கத்தறான்."

"பதினோரு வருஷமாவா? ஏன் சொல்லல?"

"மூணு கட்டையில கொஞ்சமாவது மனுஷக் குரல் மாதிரி இருந்துதுங்க. நான் சொல்லி, நீங்க சரிபண்ணி, அவன் அஞ்சுக்கு ஏறிட்டா நான் எங்க போறது?"

பஸ்ஸில் இதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அவர் கண் கலங்கியிருந்தது. "சரியான வேகத்துல கேட்டுப் பாத்தேன் சார். பஸ்ஸைப் பிடிக்க ஓடற மாதிரி இருக்கு. நான் உசிரா நெனச்ச அந்தக் கனத்தை அவங்க வாசிக்கவே இல்ல. கரண்டு வாசிச்சிருக்கு." அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆசையாக வைத்திருந்த ஒன்று செத்துப்போன துக்கம் அது.

6

முடிவுகள்.

அ) வாயை மூடிக்கொண்டு சம்மதம் சொல்கிறார். ஸ்டிக்கர் வருகிறது. "அவர் தன் பேரை விரலால் தடவியபோது..." இதற்கு மேல் எனக்கு ஓடவில்லை.

ஆ) உண்மையை எழுதுகிறார். இருநூற்றுச் சொச்சம் விமர்சனமும் ஒரே நாளில் கேலிக்கூத்து. காது சரி, கரண்டுதான் வேறு என்று பிரேசில்காரனுக்கு யார் போய் விளக்குவது?

இ) இது ஜோதியுடையது: "'ஸ்ரீரங்கத்துக் கரண்டில்'னு ரெண்டு வார்த்தை சேத்துக்கச் சொல்லுங்க. பொய்யும் இல்ல, பேரும் வரும்." மூன்றில் இதுதான் புத்திசாலித்தனம். எனக்குத் தோன்றவில்லையே என்று வயிற்றெரிச்சல்.

7

குற்ற உணர்ச்சி தாங்காமல் புதன்கிழமை இந்த வரைவை அவர் வீட்டுக்கே கொண்டுபோனேன். பயப்படாதீர்கள், அப்போது அதில் அவர் பெயர் அருள்ராஜ், ஊர் துறையூர். நான் அவ்வளவு மோசமில்லை.

முழுக்கப் படித்தார். தேங்காய் வரும் இடத்தை இரண்டு தடவை படித்தார்.

"எப்ப வெளியாகும்?"

"அடுத்த மாசம் சார்."

"மெயிலுக்கு வெள்ளிக்கிழமைதான் கடைசி" என்றார்.

கணக்கு எனக்கும் புரிந்தது. ஸ்டிக்கர் முந்திக்கொள்ளும். கதை பின்னால் வந்தாலும் மாட்டப்போவது அருள்ராஜ்தான்.

"ஜெர்மன்காரங்க தமிழ் படிக்கவா போறாங்க?" என்றேன், ஆறுதலாக.

"கம்ப்யூட்டரே மொழிபெயர்த்துக் குடுத்துடும் சார்."

ஜோதி வாசற்படியில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் என் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். முதல் பக்கத்தில் அருள்ராஜ் என்பதை அடித்து, மேலே பீமராவ் என்று எழுதினார். துறையூரை அடித்து ஸ்ரீரங்கம் ஆக்கினார். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். ஓர் இடத்தை விட்டுவிட்டார். "இங்க ஒண்ணு இருக்கு பாருங்க" என்று ஜோதி காட்டினாள். அதையும் அடித்தார்.

காகிதங்களை என்னிடம் கொடுத்துவிட்டு மெயில் எழுத உள்ளே போனார். நான் எட்டிப் பார்க்கவில்லை. அதில் என்ன எழுதினார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்தை அவர் இந்தக் காகிதத்திலேயே போட்டாயிற்று.