மூன்றாவது சோடி றப்பர்

வறண்ட கச்சான் காற்று தொடங்கிய நாளிலிருந்து இக்னேசியசுக்குக் காரின் வைப்பர்தான் பெண்சாதி. எல்சி அப்படித்தான் சொல்லிச் சிரிப்பாள். முப்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவளின் முகத்தைக்கூட மனிதர் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. காலையும் மாலையும் ஈரத்துணியால் இரண்டு றப்பர்களையும் தூசு போகத் துடைப்பார். வெயில் ஏறுமுன் வைப்பர்களைக் கண்ணாடியில் படாமல் தூக்கி நிறுத்துவார். துறைமுகக் களஞ்சியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்கு வேறு என்ன வேலை? அப்படியிருந்தும், "கண்ணாடி புகையாக் கிடக்கு, வெக்கைக்கு றப்பர் செத்துப்போச்சு" என்று இரண்டு சோடி மாற்றிவிட்டார். இப்போது இருப்பது மூன்றாவது.

மறுநாள் விடிய, தூரத்திலுள்ள மடு மாதா கோயில் திருவிழாவுக்குக் காரில் போவதாக ஏற்பாடு. மகள் சுதர்ஷிகாவும் அவளுடைய ஐந்து மாதக் குழந்தையும் கூட வருகிறார்கள். அன்று காலை இக்னேசியஸ் கோயிலடிக்கு நடந்து போகும்போது, "எல்சி, வெயில் ஏற முதல் வைப்பரைத் தூக்கிவிடு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவள் குசினியில் பயணத்துக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்ததில் அதை அடியோடு மறந்துபோனாள்.

நினைவு வந்தபோது உச்சி வெயில். ஓடிப்போய் வைப்பரை இழுத்தாள். கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்த றப்பர் பிய்ந்துகொண்டு வந்தது. கண்ணாடியில் கறுப்புக் கோடு, றப்பரின் ஓரத்தில் வெடிப்பு. மனிதர் பார்த்தால் மடுவரைக்கும் இதே கதையாகத்தான் இருக்கும். காய்ந்த தலைக்கு எண்ணெய் வைத்தால் சரிவருகிறதே, றப்பருக்கு மட்டும் ஏன் சரிவராது? தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்து இரண்டு றப்பருக்கும் தாராளமாகப் பூசினாள். கறுப்புக் கோட்டையும் அதே எண்ணெயால் தேய்த்து அழித்தாள்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு வெளியே வந்த இக்னேசியஸ் றப்பரைத் தடவிப் பார்த்தார். "இப்பதான் புதுசு மாதிரிக் கிடக்கு" என்று மெச்சிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு பெற்றோல் அடிக்கப் போனார். எல்சி பலகாரச் சட்டிக்குத் திரும்பினாள்.

நாலு மணிக்கு வானம் கறுத்து, மாதக்கணக்காக வராத மழை ஒரேயடியாகக் கொட்டியது. கொடியில் கிடந்த துணியை அள்ள ஓடிய எல்சியின் சட்டையில் கறுப்பு எண்ணெய்க் கறையைக் கண்டு, பக்கத்து வளவில் ஆட்டோ திருத்துகிற முத்தலிப் என்னவென்று கேட்டான். அவள் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

"அக்கா, மழையில வைப்பர் போட்டா கண்ணாடி பால் மாதிரி வெளுத்திரும். முன்னுக்கு ஒண்டும் தெரியாது. சவர்க்காரம் போட்டாத்தான் போகும். அண்ணனுக்கு உடன கோல் எடுங்க."

கோல் எடுத்தாள். அலுமாரிக்கு மேலிருந்து அவருடைய போன் அடித்தது.

எல்சி அள்ளிய துணியை அப்படியே போட்டாள். சட்டி கழுவும் சவர்க்காரத்தை எடுத்துக்கொண்டு துறைமுக வீதிக்கு ஓடினாள். வளைவில் கார் வந்துகொண்டிருந்தது. நடுவீதியில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினாள். வைப்பர் ஆட ஆடக் கண்ணாடி வெளுத்தது. அதற்குப் பின்னால் இக்னேசியசின் முகம் அவளை நேராகப் பார்த்தபடி வந்தது. பார்த்துக்கொண்டே வந்தது, நிற்கவில்லை. தன்னைக் கொல்லத்தான் வருகிறாரோ என்றுகூட அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. கத்திக்கொண்டு பொனற்றில் ஓங்கி அடித்தாள். கார் அவள் முழங்காலில் முட்டி நின்றது.

அவர் பக்கத்துக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். "ஆரது?"

"நான்தான். றப்பருக்கு எண்ணெய் பூசினது நான்தான்" என்று எல்சி அழுதாள்.

காரை ஓரங்கட்டச் செய்து, மழையில் நின்றபடியே றப்பரையும் கண்ணாடியையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். மழை குறைந்து நுரையும் வழிந்து போனதும் உள்ளே ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வைப்பர் ஒரு தரம் ஆடியது. கண்ணாடி பளிச்சென்றிருந்தது. துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பலின் பெயரை எழுத்துக் கூட்டி வாசிக்கலாம். எதிரே வாகை மரத்தடியில், ஊருக்குள் திரிகிற மான்களில் மூன்று நனைந்துகொண்டு நின்றன. அவற்றின் புள்ளிகள்கூட அவளுக்குத் தெரிந்தன.

இக்னேசியஸ் குனிந்து பார்த்தார். "இன்னும் புகையாத்தான் கிடக்கு. இந்த றப்பரும் சரியில்லை."

எல்சி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். 'ஆரது' என்று அவர் கேட்டபோது இடையில் கண்ணாடியே இருக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அந்த மரத்துக்குக் கீழ என்ன நிக்குது?"

அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "ஆரோ மாடு கட்டியிருக்கினம்."

அவள் கையை நீட்டிச் சாவியைத் திருகி எடுத்தாள். "இப்ப நடந்து போவம். நாளைக்கு மடுவுக்குப் பஸ்ஸில போவம்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். கார்ச் சாவியை ஒருத்தருக்கும் கொடாத மனிதர் தானே கதவைத் திறந்து இறங்கினார். கண் மங்கியது அவருக்கு முதலே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் நாளைக்குக் குழந்தையையும் ஏற்றப் பார்த்திருக்கிறார்.