செயலாளர் பூரண குணமடைந்தார்

தமிழ் ஆண்கள் நாலு பேர் ஓர் அறையில் சேர்ந்து உட்கார்ந்தால் ஒன்று அரசியல் பேசுவார்கள், இல்லையென்றால் சங்கம் ஆரம்பிப்பார்கள். மனசைத் திறந்து பேசுங்கள் என்று ஒன்பது பேரை வட்டமாக உட்கார வைத்த கவுன்சலர் அம்மாவுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. முப்பது வயது இருக்கும். படித்த பெண், பாவம்.

சனிக்கிழமை மூன்று மணி, மருந்துக்கடைக்கு மேல் மாடியில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் ஒரு முக்காலி, அதன்மேல் டிஷ்யூ பெட்டி. அழுகை வந்தால் துடைத்துக்கொள்ள அவள் வைத்தது. டீ சிந்தியபோது துடைக்க நன்றாக உதவியது.

லிப்ட் மெக்கானிக்கை அங்கே அனுப்பியது அவன் மனைவி. அவள் சண்டைக்காரி. கட்டிலில் ஈரத் துண்டைப் போட்டால் அரை மணி நேரம் கச்சேரி நடக்கும். அவனும் விடாமல் திருப்பிக் கொடுப்பான். பதினெட்டு வருஷக் குடும்பம் அப்படித்தான் ஓடியது. இரண்டு மாதமாக அவன் திருப்பிக் கொடுப்பதை நிறுத்தியிருந்தான்.

"எங்கிட்ட சொல்ல வேணாம். யார்கிட்டயாவது போய்ச் சொல்லுங்க. வாய்க்குள்ள என்னத்தப் பூட்டி வச்சிருக்கீங்க?" என்றாள்.

பூட்டித்தான் வைத்திருந்தான். ஒரே ஒரு விஷயம். அதை யாரிடமாவது சொல்லிவிட்டால் பிழைத்துவிடலாம் என்று நம்பித்தான் மாடி ஏறினான்.

முதல் நாளே கவுன்சலர் இரண்டு விதி சொன்னாள். "இங்க பேசறது இந்த அறையை விட்டு வெளிய போகக் கூடாது. யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லக் கூடாது." இரண்டாவது விதி கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

இரண்டாம் வாரம், ஓய்வுபெற்ற தபால் அதிகாரி தொண்டையைச் செருமினார். "ஒருத்தர் பொறுப்பா இருந்தாத்தானே எதுவும் ஒழுங்கா நடக்கும்?" அடுத்த ஐந்து நிமிடத்தில் அவரே தலைவர். செருப்புக்கடைக்காரர் துணைத் தலைவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று மெக்கானிக்கைச் செயலாளர் ஆக்கினார்கள். வயது வரிசைப்படி பேசுவது என்று முடிவானது. செயலாளர் எழுத வேண்டியவர், ஆகவே அவருக்கு முறை கிடையாது. அவனும் தலையாட்டிவிட்டு அதையும் நோட்டில் எழுதினான்.

நாலாம் வாரம் கவுன்சலருக்குக் காய்ச்சல், வரவில்லை. தலைவர் அந்த முதல் விதியைக் கையில் எடுத்தார். "வெளிய சொல்லவே கூடாதுன்னா எப்படி? வீட்டு ஆளுங்களுக்குத் தெரிய வேணாமா?" விவாதம் காரசாரமாக நடந்தது. நல்லெண்ணத்தோடு, தலைவர் அனுமதியோடு, குடும்பத்தாரிடம் மட்டும் சொல்லலாம் என்று திருத்தம் நிறைவேறியது. செயலாளர் அதை எழுதி அடிக்கோடும் இட்டான். கைதான் எழுதியது. மண்டையில் ஏறவில்லை.

ஆறாம் வாரம் டாக்ஸிக்காரர் தன் மகனைப் பற்றிப் பேசி முடித்ததும், மெக்கானிக் பேனாவை மூடினான்.

"நான் ஒண்ணு சொல்லணும்."

"செயலாளர் அறிக்கையா?" என்றார் தலைவர்.

"இல்லைங்க. என்னைப் பத்தி." கவுன்சலர் நாற்காலியை முன்னால் இழுத்தாள். அவன் நோட்டைப் பார்த்தே சொன்னான். "மூணரை மாசம் முன்னாடி பதினோராவது மாடியில வேலை. லிப்ட் குழி ஓரத்துல நின்னுட்டு சேஃப்டி பெல்ட் கொக்கிய நானே கழட்டிட்டேன். விழணும்னுதான் கழட்டினேன். ரொம்ப நேரம் நின்னேன். அப்புறம் மாட்டிக்கிட்டேன். ஏன் கழட்டினேன், ஏன் மாட்டினேன், எதுவும் தெரியல. எனக்கு ஒரு குறையும் இல்ல. அதான் யார்கிட்டயும் சொல்ல முடியல."

கவுன்சலர் மெதுவாகக் கேட்டாள்: "இப்பவும் அப்படித் தோணுதா?"

இப்படி நேருக்கு நேராக ஒரு கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை. ஆமா என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. இன்னும் ஒரு நொடி போதும்.

"என்னம்மா கேள்வி இது? தோணுதான்னு கேட்டா தோணாததும் தோணும்!" தலைவர் எழுந்தே விட்டார். "தம்பி, காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு நடங்க. எல்லாம் ஓடிப்போயிடும்."

"நடக்க நல்ல ஷூ நம்ம கடையில வந்திருக்கு, அண்ணே," என்றார் செருப்புக்கடைக்காரர். "காசு வேணாம். சும்மா எடுத்துக்கங்க."

"புள்ளைங்க முகத்த நெனைச்சுப் பாருங்க." "படுக்கறதுக்கு முன்னாடி பால் குடிங்க." கவுன்சலர் இரண்டு முறை கையைத் தூக்கினாள். யார் பார்த்தார்கள்? தலைவர் அவன் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் அவன் கோபப்பட்டாவது ஆறியிருப்பான். அந்தச் சொல் தொண்டையோடு திரும்பிப் போனது.

அவன் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் தலைவர், விதிப்படி, நல்லெண்ணத்தோடு, அவன் மச்சானுக்குப் போன் செய்திருந்தார். மச்சான் தன் தங்கைக்கு, அதாவது அவன் மனைவிக்குச் சொன்னார். நல்லெண்ணம் மிச்சம் இருந்ததால் கம்பெனி சூப்பர்வைசருக்கும் சொன்னார். திங்கட்கிழமை அவனுடைய பெல்ட்டை வாங்கிக்கொண்டு ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். இருபத்திரண்டு வருஷ மெக்கானிக் போல்ட்டையும் நட்டையும் அளவுவாரியாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். பழைய கூட்டாளிகள் எட்டிப் பார்த்து, காய்ச்சல்காரனிடம் பேசுவதுபோல் பேசிவிட்டுப் போனார்கள்.

வீடு அதைவிட மோசம். குளியலறைத் தாழ்ப்பாள் காணாமல் போயிருந்தது. மனைவி அழவில்லை, கத்தவில்லை. எதைச் சொன்னாலும் "சரிங்க" என்றாள். ஒருநாள் வேண்டுமென்றே ஈரத் துண்டைக் கட்டிலில் எறிந்தான். அவள் எடுத்துக் காயப்போட்டுவிட்டு, "பரவால்லங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பயம் இருந்தது. உலகத்தில் அவனோடு சண்டை போட இருந்த ஒரே ஆளும் போய்விட்டாள்.

ஒன்பதாம் வாரம் அவன் முந்திக்கொண்டு எழுந்து நின்றான்.

"எனக்கு இப்ப சுத்தமா சரியாயிடுச்சு. அந்த மாதிரி நெனப்பே வர்றதில்ல. எல்லாம் உங்க ஆதரவுதான்."

கைதட்டல் மருந்துக்கடைவரை கேட்டிருக்கும். செயலாளர் பூரண குணமடைந்தமைக்குச் சங்கம் தன் மகிழ்ச்சியைத் தெரிவித்துக்கொள்கிறது என்று தலைவர் சொல்லச் சொல்ல, அவனே முத்து முத்தாக எழுதினான். கவுன்சலர் மட்டும் கைதட்டவில்லை. "நீங்க கொஞ்சம் இருந்துட்டுப் போங்க, பேசணும்," என்றாள்.

"பஸ் போயிடும்மா," என்று அவள் முகத்தைப் பார்க்காமல் படி இறங்கினான்.

பஸ் நாற்பது நிமிடம் எடுத்தது. செய்திக்கு அவ்வளவு நேரம் ஆகாது என்று அவனுக்குத் தெரியும், அதை நம்பித்தானே சொன்னான். கதவைத் திறந்தபோது மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏங்க, எங்கிட்ட சொல்ல வாய் வரல, எவனெவன்கிட்டயோ போய்ச் சொல்லத் தெரிஞ்சுதா? மூணு வாரமா நான் தூங்கினேனா, சாப்பிட்டேனா, கேட்டீங்களா? மனுஷனா நீங்க?"

"யார்கிட்டயாவது போய்ச் சொல்லுன்னு நீதானடி சொன்ன?"

"சொன்னா? சொன்னா உடனே போயிடுவீங்களா?"

ஒன்றரை மணி நேரம். கல்யாண நாளில் தொடங்கி மச்சான்வரை ஒன்றையும் விடவில்லை. அவனும் திருப்பிக் கொடுத்தான். கொடுக்கக் கொடுக்க உடம்பு லேசானது. கடைசியில் அவள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"உண்மையச் சொல்லுங்க. இப்ப அந்த மாதிரி தோணலல்ல?"

இவளிடம் சொல்லலாம். சொன்னால் நாளைக்கு மறுபடி "சரிங்க" என்பாள், "பரவால்லங்க" என்பாள், கட்டிலோரம் கண் மூடாமல் உட்கார்ந்திருப்பாள்.

"தோணல," என்றான்.

அவள் நம்பினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சாப்பாடு ஆறிப்போச்சு, எல்லாம் உங்களாலதான் என்று திட்டியபடியே அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். அன்று மதியம் கூட்டத்துக்குப் போக பஸ்ஸுக்கு நின்றபோதுகூட அவனுக்கு அப்படித் தோன்றியிருந்தது.