ஒரு வரி கீழே

புதுக்கோட்டை கீழராஜ வீதியில், பூட்டிக் கிடக்கும் ஒரு துணிக்கடையின் படியோரம் பழைய புத்தகம் விற்பவர் உதயசூரியன். பதினெட்டு வருடமாக அதே இடம். காலையில் தார்ப்பாயை விரிப்பதற்கு முன்பே மூன்று பேப்பரைப் படித்து முடித்துவிடுவார். பிறகு மின்கம்பத்தில் சாத்தியிருக்கும் கரும்பலகையில் அன்றைய சேதி இரண்டும், கீழே தன் கருத்து ஒன்றும் சாக்பீஸால் எழுதுவார். கருத்தில் தயக்கமே இருக்காது. தக்காளி விலை ஏறிய அன்று, 'ரசத்துக்குப் புளி போதும். தக்காளி பின்னால் வந்து சேர்ந்ததுதான்' என்று எழுதினார். செவ்வாய்க் கிரகத்தில் தண்ணீர் ஓடிய தடம் இருப்பதாகச் சேதி வந்த அன்று, 'எங்கள் தெருக் குழாயிலும் இருக்கிறது' என்று எழுதினார். ஆபீஸ் போகிறவர்கள் வண்டியை மெதுவாக்கிப் படித்துவிட்டுத்தான் போவார்கள். நாட்டு நடப்பில் தன் கணக்குத் தப்பாது என்று அவர் நம்பினார். பெரும்பாலும் தப்பியதும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை, 'மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இன்று அன்னவாசலில் முகாம். டாக்டர்கள் வருகிறார்கள்' என்று எழுதினார். கீழே, 'இதற்கு வெட்கப்படுகிறவர்கள் ரேஷன் அட்டைக்கு வெட்கப்பட்டார்களா?' என்றும் கேட்டிருந்தார்.

எதிரே பூ விற்கும் ராக்காயி அதைப் படித்ததும் கூடையை ஈரத்துணியால் மூடிவிட்டுக் கிளம்பினாள். அவள் மகள் சரண்யாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது சரியாகக் கேட்காது. குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இட ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க அந்த அட்டை வேண்டும்.

மத்தியானம் மூன்று மணிக்குத் தாயும் மகளும் வாடிப்போய்த் திரும்பி வந்தார்கள்.

"முகாம் இன்னைக்கு இல்லையாம்ண்ணே. புதங்கிழமையாம்" என்றாள் ராக்காயி. அவள் குரலை உயர்த்தவில்லை. "நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு போனோம்."

உதயசூரியன் பேப்பரை எடுத்துப் புரட்டினார். எட்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் பட்டியல் இருந்தது. திருமயம், திங்கள். அன்னவாசல், புதன். அவர் கண் ஊரைப் படிக்கும்போது ஒரு வரி கீழே இறங்கியிருக்கிறது. பேப்பரில் பிழை இல்லை.

பக்கத்து டீக்கடை ரகுநாத் எட்டிப் பார்த்தான். "அழிச்சு விட்டுருங்கண்ணே. யாரும் கேட்டா பேப்பர்ல தப்பா வந்துருச்சுன்னு சொல்லிக்கலாம்."

"பேப்பர்ல சரியாத்தான்யா இருக்கு" என்றார் உதயசூரியன்.

தப்பு நேர்ந்ததைவிட, ராக்காயி சத்தம் போடாமல் போனதுதான் அவரை உறுத்தியது. அவள் ஒரு நாள் பூவும் வாடிப் போயிருந்தது.

மறுநாள் பலகையில் வேறு சேதி எதுவும் இல்லை. 'அன்னவாசல் முகாம் நாளை, புதன்கிழமை. நேற்று இங்கே எழுதியிருந்தது தப்பு. தப்புச் செய்தது பேப்பர் அல்ல, உதயசூரியன்' என்று பெரிய எழுத்தில் இருந்தது.

வாடிக்கையாக வரும் ஜஸ்டின் வாத்தியார் வண்டியை நிறுத்திப் படித்தார். "பேரையே போட்டுட்டீங்களே."

"பேப்பர்னா ஆசிரியர் பேரு போடுறாங்கல்ல சார். இந்தப் பலகைக்கு நான்தானே."

"இதாவது சரியா?"

"ரெண்டு தடவை பாத்துட்டேன் சார். போன் போட்டும் கேட்டுட்டேன்."

புதன்கிழமை கடையைத் தார்ப்பாயால் மூடிக் கட்டிவிட்டு, ராக்காயியோடும் சரண்யாவோடும் அவரும் பஸ் ஏறினார். முகாமில் நல்ல கூட்டம். விண்ணப்பப் பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுத ஆள் தேடி நின்றவர்கள்தான் பாதிப் பேர். உதயசூரியன் ஒரு பெஞ்சை வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். ஊன்றுகோலோடு வந்த தங்கமுத்து என்ற பெரியவர், "பொதுக்கோட்டையில ஒரு போர்டைப் பாத்துட்டு முந்தாநாளே வந்து ஏமாந்து போனேன்" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

"அதை எழுதுனவன் நான்தாங்க. மன்னிச்சுக்கங்க. ஒங்க பாரத்தைக் குடுங்க."

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பாரத்தை நீட்டினார்.

சரண்யா மட்டும், அவர் எழுதிக் கொடுத்ததை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துப் பார்த்தாள். ராக்காயிக்குச் சங்கடமாக இருந்தது. "அண்ணன் எழுதுனதை என்னடி சோதிக்கிற?"

"பாக்கட்டும்மா. அப்படித்தான் பாக்கணும்" என்றார் உதயசூரியன். அவள் முடித்துக் கையெழுத்துப் போடும்வரை காத்திருந்தார்.

காது டாக்டர் சோதித்துப் பார்த்துச் சான்று எழுதினார். விண்ணப்பக் கடைசித் தேதிக்கு முன்பே அட்டை கிடைத்துவிடும் என்று மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் சொன்னார். அதற்குள் உதயசூரியன் பத்தொன்பது பாரம் எழுதியிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் ராக்காயி முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தாள். "இனிமேயும் எழுதுவீங்கள்லண்ணே?"

"எழுதாம? நாளைக்கே எழுதுவேன்."

"எழுதுங்க. ஆனா எதுக்கும் நானும் ஒரு தடவை பேப்பரைப் பாத்துக்கிறேன்."

உதயசூரியன் சிரித்துவிட்டார். "பாத்துக்கம்மா. எந்தப் பக்கம்னு நானே எடுத்துத் தாரேன்."