இரண்டாம் முறை செத்த அம்மா

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஐநூறு ரூபாய் கொடுத்து ஏமாந்த கோபம். கொல்கத்தாவில், பெஹாலா பகுதியில், இருபத்தாறு வருடமாகக் குடியிருக்கிறேன். என்னை ஏமாற்றியவர்கள் பலர், ஆனால் துக்கத் துணி கட்டிக்கொண்டு வந்து ஏமாற்றியவன் ஒருவன்தான். அவனைக் கதையில் வைத்துக் கிழித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: ‘பெஹாலாவில் மழை ஓய்ந்த ஒரு மாலையில்…’ (வேண்டாம். அன்று மழையே இல்லை.)

2

நடந்தது இது. போன வருடம் ஒருவன் வாசலில் வந்து நின்றான். தைக்காத வெள்ளைத் துணி, வெறுங்கால், கழுத்தில் இரும்புச் சாவி, கக்கத்தில் சின்னப் பாய். பெற்றவரைப் பறிகொடுத்தவர்கள் காரியம் முடியும்வரை இங்கே அப்படித்தான் இருப்பார்கள். பெயர் நிசித், ஊர் கானிங் பக்கம், அம்மா செத்துப்போனாள், காரியத்துக்குப் பணமில்லை என்றான். ஐநூறு கொடுத்தேன்.

இந்த வருடம் அதே ஆள், அதே கோலம்.

“அம்மா போயிட்டாங்க பாபு.”

“உங்கம்மா வருஷா வருஷம் சாவாங்களாடா?” என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

3

கூட்டம் கூடிவிட்டது. முன்னால் வந்தவன் புல்டன், எங்கள் தெரு கிளப்பின் செயலாளர்.

“தள்ளுங்கண்ணே. இதுக்கு என்கிட்ட வைத்தியம் இருக்கு.”

துக்கம் காப்பவன் மீனைத் தொடமாட்டான். முனைக்கடையிலிருந்து சுடச்சுட மீன் கட்லெட் வந்தது.

“தின்னுடா. நெசமா ஆத்தா செத்திருந்தா திங்க மாட்டே. தின்னா நீ திருட்டுப் பய.”

மாடியிலிருந்து என் மனைவி தபதி கேட்டாள்: “திங்கலன்னா விட்டுருவியா?”

“திங்கலன்னா நல்லா நடிக்கிறான்னு அர்த்தம் அண்ணி!”

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் கை ஓங்கினான். நிசித் கட்லெட்டையே பார்த்தான். பிறகு நான்கே வாயில் தின்று தீர்த்தான். கைதட்டல். புல்டன் அவன் கழுத்துச் சாவியை அறுத்து எறிந்தான்.

நானும் சிரித்தேன். (இந்த வரியை மூன்று பிரதிகளில் அடித்திருந்தேன். இருக்கட்டும்.)

4

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். கெடுத்தவள் தபதி. படித்துக் காட்டியபோது குறுக்கே விழுந்தாள்.

“போன வருஷம் அம்மான்னா சொன்னான்? அப்பான்னுதானே சொன்னான்! நான் நூறு போதும்னேன். ‘எனக்கும் அப்பா இல்ல’ன்னு சொல்லி நீங்கதான் ஐநூறா எடுத்து நீட்டுனீங்க.”

“மீன் தின்னானே!”

“பத்துப் பேரு சுத்தி நின்னு கை ஓங்கினா நீங்க என்னென்ன திம்பீங்க?”

இரண்டாம் பகுதியில், போன வருடம் அவன் சொன்னதாக வரும் ‘அம்மா’ நான் போட்டது. தெருவில் கத்தும்போதே அப்பாவை அம்மாவாக்கிவிட்டேன். பிறகு எழுதும்போதும் திருத்தவில்லை. திருத்தினால் என் கோபத்துக்கு நியாயம் இருக்காது, என்னால் அதைத் தாங்க முடியாது.

5

முடிவு அ: நிசித் பக்கா மோசடிக்காரன். வீட்டுக்குப் போய், உயிரோடிருக்கும் அம்மாவிடம் கட்லெட் கதையைச் சொல்லிச் சிரிக்கிறான். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

முடிவு ஆ: அது அவன் அம்மா போன ஒன்பதாம் நாள். விரதம் கெட்ட வாயோடு மந்திரம் சொல்ல உட்கார முடியாமல் அவன்… (எழுத மாட்டேன்.)

நீங்களும் அ-வைத்தானே விரும்பினீர்கள்? அவன் பொய்யன் என்று தெரிந்தால் நாம் செய்தது சரியாகிவிடுமா? அவன் அம்மா உயிரோடு இருந்தால் மட்டும் அந்த ஓங்கிய கை இறங்கிவிடுமா?

6

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கீழே ஒரு பெண் வந்து நிற்கிறாள். கையில் கசங்கிய மருந்துச் சீட்டு. பிள்ளைக்கு ஊசி வாங்க வேண்டுமாம். சீட்டில் தேதி இல்லை என்று கீழே யாரோ சொல்கிறார்கள். தபதி வீட்டில் இல்லை.

புல்டன் வந்துவிட்டான். அண்ணாந்து பார்த்துக் கேட்கிறான்:

“அண்ணே, இவளையும் விசாரிச்சிரலாமா?”

நான் இங்கே நிறுத்துகிறேன். பதிலை நீங்கள் சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள், அவனுக்குக் கேட்க வேண்டும்.