மெதுவான கால்

அன்று கார் ஷெட்டில் இருந்தது நான்கே பேர். நான், என் தம்பி, தம்பி மகள், மெக்கானிக். ஐந்தாவதாக ஒருவர் பார்த்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்பா வாங்கிய கார் அது. என்னைவிட நான்கு வயது இளையது. ஒருநாள்கூடக் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டதில்லை. பின்னால் பிரேக் லைட் எரியவில்லை என்று எதிர்வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் மெக்கானிக்கை வரவழைத்தேன். பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் வேலை செய்யும் பழைய சுவிட்ச். அதைக் கழற்றியதும் கறுத்த ஆயில் சொட்டியது. புதியதைத் திருகி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றிவிட்டு, தம்பி மகளை மிதிக்கச் சொன்னார். பின்சுவர் சிவந்தது. பிறகு நான் ஏறி மிதித்தேன். சுவர் வெள்ளையாகவே இருந்தது.

"சுவிட்சு நல்லாத்தாங்க இருக்கு. உங்க கால்தான் மெதுவா விழுது. அழுத்தி மிதிச்சாத்தான் இது எரியும்."

அதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே இருப்பவருக்குப் பிரேக் போட்டதே தெரியக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. நிறை தம்ளர் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு பின் இருக்கையில் உட்கார்ந்துதான் எங்களைப் பழக்கினார். சொட்டு சிந்தினால் அந்த வாரம் சாவி கிடையாது. தம்பிக்கு அந்தக் கால் வாய்க்கவே இல்லை.

பெடல் பக்கத்திலேயே ஒரு சுவிட்ச் வைத்தால் கால் பட்டாலே எரியும், தகட்டில் இரண்டு ஓட்டை போட்டால் போதும் என்றார் மெக்கானிக். டிரில்லை எடுத்தும்விட்டார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"எங்கப்பா வண்டியில ஓட்டையா?"

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அண்ணே, பின்னாடி வர்றவனுக்கு நம்ம அப்பாவைத் தெரியாது."

அவன் மகள்தான் சிரித்துச் சமாளித்தாள். "விடுங்கப்பா. பெரியப்பா ஓட்டினா தொட்டில்ல போட்ட மாதிரி, நான் தூங்கியே போயிடுவேன்."

எனக்குப் பெருமையாக இருந்தது. மெக்கானிக் தேவைக்கு மேல் கையைத் துடைத்தார். போகும்போது அந்தச் சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் அவளுக்கு வேலையில் முதல் நாள். பின் இருக்கையில் ஏறிய கொஞ்ச நேரத்தில் கண் மூடிவிட்டாள். பாலத்துக்கு முன்னால் பாதை குறுகுகிறது. மெதுவாகக் காலை வைத்தேன். அவள் தலை அசையவில்லை. கண்ணாடியில் அவளுக்குப் பின்னால் ஒரு லாரியின் முகப்பு பெரிதாகிக்கொண்டே வந்தது.

தம்பி இப்போது என் வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அது எங்கள் வீட்டு விஷயம். ஆனால் பிரேக் பிடிக்காத காரில் பெண்ணை ஏற்றிப் போனேன் என்று வெளியே ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. பிரேக் பிடித்தது. யாருக்கும் தெரியாமல் பிடித்தது.