மங்காத இரண்டு வரிகள்

ஆயுத பூஜை லீவு முடிந்து ஆபீசைத் திறந்ததிலிருந்து டைம் ஆபீஸ் கிளார்க் வஜிஹாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கம்ப்யூட்டரைப் போடுவாள், பார்ப்பாள், அணைப்பாள், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி போடுவாள். திரை மாறினால்தானே? தொழிலாளி பெயரைத் தட்டினால் கீழே விரிகிற பட்டியல் முழுக்க மங்கிக் கிடந்தது. லீவு, ஷிப்டு மாற்றம், குடும்பத்தார் பெயர் சேர்த்தல், எல்லாம் சாம்பல் நிறம். பளிச்சென்று இருந்தவை இரண்டே வரிகள்: புதிய ஆளைச் சேர்த்தல், ஆளை நீக்குதல்.

ஓசூர் சிப்காட்டில் பல்சக்கரம் செய்கிற கம்பெனி அது. தொண்ணூற்றாறில், ஆட்களின் வருகையும் லீவும் பார்க்கிற டைம் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. வந்த கையோடு பர்சனல் மேனேஜர் கிருஷ்ணப்பன் பழைய அச்சடித்த ஃபாரங்களையும் ரப்பர் ஸ்டாம்பையும் பீரோவில் போட்டுப் பூட்டிவிட்டார். மிஷினில் அச்சாகி அவர் கையெழுத்துப் போட்ட மருத்துவக் கார்டுதான் இனி செல்லும் என்று கம்பெனியோடு ஏற்பாடுள்ள ஆஸ்பத்திரிக்கும் எழுதிவிட்டார். மனுஷனுக்குப் புது மிஷின் மேல் அப்படி ஒரு மோகம்.

தொழிலாளிகளும் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். டைம் ஆபீஸ் ஜன்னலில் தலையை நீட்டித் திரையைப் பார்ப்பார்கள். கேட்ட வரி மங்கியிருந்தால் "எனக்கு மங்கல்டா" என்று அடுத்தவனிடம் சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். மேனேஜர் முடியாது என்றால் யூனியன் வரைக்கும் போய்ச் சண்டை போடுகிறவர்கள், கம்ப்யூட்டர் முடியாது என்றால் வாயைத் திறக்கமாட்டார்கள். ஏன் மங்கல் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

ஏன் என்று வஜிஹாவுக்குத் தெரியும். அதுதான் அவளைப் பிடுங்கித் தின்றது. பூஜையன்று மாதக் கணக்கு முடிக்கிற வேலை பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் யாரும் எதையும் மாற்றிவிடக் கூடாது என்று புரோகிராம் எல்லா வரியையும் தானாகவே பூட்டிக்கொள்ளும், முடிந்ததும் திறந்துவிடும். அப்போது பார்த்துக் கிருஷ்ணப்பன் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார். லேத்திலிருந்து கிரைண்டிங் மிஷின் வரை எல்லாம் நின்றுவிட்டது, பொட்டு வைக்க இது ஒன்றுதான் பாக்கி, அணைச்சுடும்மா என்றார். பின்னால் எலுமிச்சம்பழமும் பொரியுமாக ஒரு கூட்டம். கொஞ்சம் பொறுங்க சார் என்ற வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. இத்தனை பேரில் பூஜைக்குக் குறுக்கே நின்றவள் வஜிஹா என்று நாளைக்குக் கேண்டீனில் பேச்சாகிவிட்டால்? அந்தப் பயத்தில் சுவிட்சை அணைத்துவிட்டாள். கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே மிஷின் இப்போது உட்கார்ந்திருக்கிறது.

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் கிரைண்டிங் செக்‌ஷன் முனிவேல் ஜன்னலுக்கு ஓடி வந்தான். சட்டையெல்லாம் எண்ணெய், முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம், எங்கூட்டுக்காரிக்குக் காலைலேர்ந்து ரத்தம் போவுதுங்க, இப்பத்தான் ஆளு வந்து சொன்னாங்க. இன்னும் மாசம் ஆவல. ஆஸ்பத்திரி வாசல்ல ஆட்டோலயே கெடக்கறா. கார்டுல பேரு இருந்தா உள்ள எடுக்கறோங்கறாங்க, இல்லன்னா முன்பணம் கட்டச் சொல்றாங்க. நான் எங்க போவேன்?"

முனிவேல் மனைவி ராஜாத்தி. தலைப்பிரசவம் சாமல்பட்டியில் அம்மா வீட்டில்தான் என்று பேசி வைத்திருந்ததால் கம்பெனிக் கார்டில் அவள் பெயரைச் சேர்க்க அவன் மெனக்கெடவில்லை. வஜிஹா அவன் பெயரைத் தட்டினாள். குடும்பத்தார் பெயர் சேர்த்தல் என்ற வரி மங்கியே இருந்தது. முனிவேலும் எட்டிப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான்.

வஜிஹா பெங்களூரில் இருக்கும் புரோகிராம்காரன் திம்மப்பனுக்குப் போன் போட்டாள். நாலாவது தடவை கிடைத்தான்.

"அய்யோ மேடம், கணக்கு நடுவுல ஆஃப் பண்ணிட்டீங்களா? என் பிளாப்பியப் போட்டாத்தான் தெறக்கும். இங்க பந்த். பார்டர்ல அத்திப்பள்ளியத் தாண்டி ஒரு வண்டி விடல. நாளைக்கு பர்த்தினி, வந்துடறேன்."

"அந்த ரெண்டு வரி மட்டும் ஏன் தெறந்திருக்கு?"

"அதைப் பூட்ட மறந்துட்டேன் மேடம்," என்றான்.

முனிவேல் எழுந்து நின்றான். போனில் பேசியதைக் கேட்டிருந்தான். "அப்ப என்னை நீக்கிடுங்க. நீக்கிட்டுப் புது ஆளாச் சேருங்க. சேர்க்கறப்பவே பொண்டாட்டி பேரையும் போடலாமில்ல?"

"போடலாம் அண்ணா. ஆனா உங்க சர்வீஸ் எல்லாம் போயிடும். இன்னிக்குச் சேந்த ஆளாயிடுவீங்க. நாளைக்கு ஆளைக் குறைக்கறாங்கன்னா முதல் பேரு உங்க பேருதான்."

"போவட்டும் மேடம். அவ இருந்தாத்தான நான் வேலைக்கு வரணும்."

வஜிஹா நீக்குதல் வரியில் அம்புக்குறியை வைத்தாள். நிச்சயமா என்று மிஷின் கேட்டது. ஒன்பது வருஷம் கிரைண்டிங் தூசியைத் தின்றவனை ஒரு பொத்தானில் இல்லாமல் ஆக்கவேண்டும், அதுவும் அவள் வாயைத் திறக்காத குற்றத்துக்காக. இல்லை என்று தட்டிவிட்டு மேல் வரியைப் பார்த்தாள். புதிய ஆளைச் சேர்த்தல். எந்த ஆளை என்று அது சொல்லவில்லையே?

"அண்ணா, அக்காவுக்கு என்ன வயசு?"

மடமடவென்று தட்டினாள். பெயர் ராஜாத்தி. பிரிவு, பெருக்கும் வேலை. டோக்கன் எண்ணை மிஷினே கொடுத்தது. பிரிண்டர் கிறீச்சிட்டு ஒரு கார்டைத் துப்பியது. அதைக் கிழித்தெடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினாள்.

கிருஷ்ணப்பன் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார். கார்டைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். "யாரும்மா இது? நான் யாரையும் எடுக்கலையே."

"எடுங்க சார். முனிவேல் சம்சாரம். உசுருக்குப் போராடிக்கிட்டு இருக்காங்க. பேர் சேர்க்கற வரி மங்கிடுச்சு."

"மங்கலா இருந்தா விடும்மா. சிஸ்டத்த ஏமாத்தி நாளைக்கு ஆடிட்ல நான் பதில் சொல்லவா?"

"சார், அது தானா மங்கல. பூஜையன்னிக்குக் கணக்கு பாதில ஓடிட்டு இருந்துச்சு. நீங்க அணைக்கச் சொன்னீங்க. ஓடுதுன்னு நான் சொல்லல. பயந்துட்டேன். தப்பு நம்ம ரெண்டு பேருதும் சார். அந்தப் பொண்ணுதில்ல."

மனுஷன் முகம் செத்துப்போயிற்று. தான் வைத்த சந்தனப் பொட்டு அந்த மிஷினின் நெற்றியில் இன்னும் காய்ந்து கிடப்பது அவருக்கு நினைவு வந்திருக்கவேண்டும். கையைத் துடைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். "பந்த் முடிஞ்சதும் முதல் வேலையா இந்தப் பேரை எடுத்துடணும், ஆமா," என்று உறுமிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகக் கம்பெனி ஜீப்பையும் அவரே கொடுத்தார்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பெண் குழந்தை, உள்ளங்கை அகலம்.

பந்த் முடிந்து திம்மப்பன் வந்தான், பிளாப்பியைப் போட்டான், வரிகளெல்லாம் பளிச்சென்று எழுந்தன. அவன் டீ குடிக்கப் போன இடைவெளியில் வஜிஹா ராஜாத்தி பெயரைத் தட்டிப் பிரசவ லீவு என்று பதிந்துவிட்டாள். ஏன் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கிருஷ்ணப்பன் வந்து, "அந்தப் பேரை எடுத்தாச்சா?" என்றார். திம்மப்பன் தட்டிப் பார்த்தான். நீக்குதல் வரி மங்கியிருந்தது.

"பிரசவ லீவுல இருக்கறவங்கள நீக்க முடியாது சார். சட்டம் அப்படின்னு நீங்கதானே பூட்டச் சொன்னீங்க."

கிருஷ்ணப்பன் வஜிஹாவை ஒரு பார்வை பார்த்தார். அவள் தலையே நிமிரவில்லை.

அந்த லீவு முடிகிறவரை அவளுக்கு நிம்மதி இல்லை. முடிந்த அன்று காலையில் ஆபீசைத் திறந்ததும் மேனேஜர் நேரே அவள் பின்னால் வந்து நின்றார். அவள் ராஜாத்தி பெயரைத் தட்டினாள். நீக்குதல் வரி இப்போது பளிச்சென்று இருந்தது. மிஷின் நிச்சயமா என்று கேட்டது.

"தட்டும்மா," என்றார்.

ஜன்னலில் யாரோ தட்டினார்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மெலிந்த ஒரு பெண். கையில் மடங்கிப்போன அந்தக் கார்டு.

"மேடம், நான் ராஜாத்திங்க. கொழந்தைய எங்கம்மாகிட்ட உட்டுட்டு வந்திருக்கேன். லீவு முடிஞ்சுதுன்னு எங்கூட்டுக்காரரு இந்த ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டு வந்து சொன்னாரு. எந்த ஷிப்டுக்கு நான் வரணும்?"

வஜிஹா திரும்பி மேனேஜரைப் பார்த்தாள். அவர் ராஜாத்தியைப் பார்த்தார், கார்டில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வஜிஹா இல்லை என்று தட்டினாள்.

"காலை ஷிப்டு அக்கா," என்றாள். "இப்பவே உள்ள போங்க, மணி அடிச்சாச்சு."